ஒரு மாட்யூலுக்கு இரண்டு பேர்

அண்ணனின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். வினை அங்கேதான் தொடங்கியது. தெரியாமல் இருந்திருந்தால் நானும் இன்றைக்கு யோக்கியர்கள் வரிசையில் நின்றிருப்பேன்.

எனக்குச் சுற்றி வளைக்க வராது, நேராகவே சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. பதினாறு வருடங்களுக்கு முன் அண்ணன் தொடங்கியது. நோயாளியைப் பதிவு செய்ய ஒரு மாட்யூல், வரிசை எண் கொடுக்க ஒன்று, மருந்து இருப்பு பார்க்க ஒன்று, ரத்தம் எடுத்த குழாயில் ஒட்டுகிற லேபிளை அச்சடிக்க ஒன்று என்று வளர்ந்து வளர்ந்து பத்தொன்பது மாட்யூல் ஆகிவிட்டது. இத்தனையையும் பார்த்துக்கொள்ள மையக் குழு என்று எட்டே பேர். எட்டுப் பேருக்கும் பிழைப்புக்கு வேறு வேலை உண்டு. இது சாயங்காலங்களிலும் சனிக்கிழமைகளிலும் செய்வது. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

லேபிள் மாட்யூல் அண்ணனுடையது. வேறு யாரும் அதன் பக்கமே வரமாட்டார்கள். கணினிக்கான கோடு எழுதினால் மட்டும் போதாது, நிஜப் பிரிண்டரில் அடித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு மாதிரி பிரிண்டர் வைத்திருக்கும், பாதி பழையது. அதனால் அண்ணன் வீட்டு முன்னறையில் இருபத்துமூன்று பிரிண்டர்கள். அலமாரியில் ஒன்பது, மேசைக்கு அடியில் ஆறு, மிச்சமெல்லாம் அண்ணியின் தையல் மிஷின் இருக்க வேண்டிய இடத்தில். யாராவது வீட்டுக்கு வந்தால் அண்ணி கை காட்டி, இவங்க இருபத்துமூணு பேரும் என் சக்களத்திங்க என்று அறிமுகம் செய்துவைப்பாள்.

குழுவில் மாற்ற முடியாத விதி ஒன்று உண்டு. ஒரு மாட்யூல் மையத்தில் இருக்க வேண்டுமானால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழுதுவதை இன்னொருவர் படித்து, தானும் சோதித்து, சரி என்று போட்டால்தான் அது மருத்துவமனைகளுக்குப் போகும். லேபிளுக்கு அண்ணன் ஒருவர், நான் இன்னொருவர். விதியைப் போட்டவரும் அண்ணன்தான். அப்போது அது வேண்டாம் என்று வாய் கிழியக் கத்தியவள் நான். எனக்கு அவசரம் அதிகம்.

அண்ணனுக்கு ஐம்பத்துநான்கு வயது. மூன்று வருடத்துக்கு முன்பு, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். பிறகு தினமும் போகிற கடைக்கு வழி கேட்டார். டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயர் என் வாயில் வராது, வரவும் வேண்டாம். குணமாகாது, ஆனால் மெதுவாகத்தான் போகும் என்றார், அதென்னவோ நல்ல சேதி மாதிரி. அண்ணியையும் என்னையும் அண்ணனுக்கு நன்றாகத் தெரிந்தது. கோடைக் காட்டினால் படித்து, இது ஒழுங்கு, இது குப்பை என்று இன்னும் சொல்லுவார். ஆனால் தானாக இரண்டு வரி எழுதினால் மூன்றாவது வரிக்குள் முதல் வரி போய்விடும்.

எங்களிடம் ஒரு நிரல் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வருகிற புகாருக்குப் பதினான்கு நாள் பதில் போடாதவர் பெயரை அது சிவப்பாக்கிவிடும். மூன்று முறை சிவப்பானால் குழுவிலிருந்து பெயர் போய்விடும். ஒரு நாள் அண்ணன் பெயர் இரண்டாம் முறை சிவப்பாக நின்றது. அவர் பெயரில் உள்ளே போய்ப் பதில் போட்டேன். அன்றைக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். எல்லாத் திருட்டும் அன்றைக்கு மட்டும்தான்.

அதற்கப்புறம் அவர் பெயரில் நான் எழுதுவதும், வெளியே வந்து என் பெயரில் உள்ளே போய், பார்த்தேன் சரி என்று போடுவதும் வழக்கமாகிவிட்டது. அவர் மாதிரியே அளந்து எழுதினேன். கடைசியில் அவர் மாதிரியே 'பார்த்துச் சொல்லவும்' என்று முடித்தேன். ஒரு தடவை அவர் கோடில் குறை இருப்பதாக நானே எழுதி, அவர் பெயரில் எனக்கு நானே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். சிரிப்பு வருகிறதா? எனக்கும் அப்போது வந்தது.

நான் இதைப் பெருமைக்காகச் செய்யவில்லை. தினமும் வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போவேன். நான் கோடை மாற்ற, அவர் பிரிண்டரில் லேபிள் சுருள் மாட்டுவார். அந்தக் கைகளுக்கு எதுவும் மறக்கவில்லை. எந்தப் பிரிண்டரின் மூடியை எங்கே அழுத்தினால் திறக்கும், எதைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று எல்லாம் தெரியும். சோதனை லேபிள் வெளியே வந்ததும் உரித்து என் நெற்றியில் ஒட்டுவார். எனக்கு வயது நாற்பத்தேழு. இன்னும் அவருக்கு நான் பாப்பாதான். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமையே சட்டையை இஸ்திரி போடச் சொல்லுவார். வாரத்தில் மற்ற ஆறு நாளும் நோயாளியாக இருந்தவர், அந்த ஒரு நாள் மட்டும் வேலைக்குப் போகிற மனிதராக இருந்தார். மாட்யூல் போனால் பெயர் போகும், பெயர் போனால் சனிக்கிழமை போகும். அதை என்னால் தாங்க முடியாது.

அண்ணிக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாள் சமையலறையில் என்னை நிறுத்திக் கேட்டாள்.

"நீ இத அவருக்காகப் பண்றியா, உனக்காகப் பண்றியா?"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும், உனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவரைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிடுகிறவளைப் பார்த்து அப்படிச் சொன்னேன். பத்து நாள் என்னோடு பேசவில்லை. பேசாமலே டீ போட்டுக் கொடுத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கூட்டம் வந்தது. எட்டுப் பேரால் பத்தொன்பதைச் சுமக்க முடியவில்லை. எதை மட்டும் நாம் வைத்துக்கொள்வது, எதை வெளியே எடுத்துவைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். கூட்டத்தை நடத்தியவர் மீசை. மீசையை எடுத்துப் பதினோரு வருடமாகிறது, பெயர் மட்டும் போகவில்லை. சனிக்கிழமை மதியம் மூன்று மணி. அண்ணன் இஸ்திரிச் சட்டையில், நான் பக்கத்து நாற்காலியில். திரையில் மற்ற ஆறு முகங்கள். யாராவது ஏதாவது கேட்டால் 'பாத்துச் சொல்றேன்' என்று சொல்லும்படி அண்ணனுக்குச் சொல்லிவைத்திருந்தேன். எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் அது.

பத்து மாட்யூல் முடிந்தது. ஆறு உள்ளே, நான்கு வெளியே. லேபிள் வந்ததும், இதில் பேச ஒன்றுமில்லை, இருப்பதிலேயே ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளப்படுகிற மாட்யூல் இதுதான் என்றார் மீசை. உண்மையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

அப்போது டாக்டரம்மா ஒரு நிமிஷம் என்றாள். குழுவில் நிஜ மருத்துவர் அவள் ஒருத்திதான். எங்கள் மென்பொருளை வைத்துத்தான் அவளுடைய மருத்துவமனையே நடக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அங்கே லேபிள் அடிக்கும்போது பாதியில் சுருள் தீர்ந்துபோயிருக்கிறது. புதுச் சுருள் மாட்டியதும் பிரிண்டர் முந்தைய ஆளின் லேபிளையே இன்னொரு தரம் அடித்திருக்கிறது. ஆறு வயதுப் பெண் குழந்தையின் ரத்தம் ஒரு பெரியவர் பெயரில் போயிருக்கிறது. ஆய்வகத்தில் இருந்தவருக்கு ஏதோ சந்தேகம் வந்து நிறுத்தியிருக்கிறார். அந்தக் குழந்தைக்கு மறுபடி ஊசி குத்தினார்கள். கையை இறுக்கி வைத்துக்கொண்டு கொடுக்கவே இல்லையாம். இதையெல்லாம் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

மூன்று வாரத்துக்கு முன் நாங்கள் செய்த மாற்றம் அது. எழுதியவர் அண்ணன், சரி என்று போட்டது நான். பாதியில் சுருளைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதுதான் அதற்கு முதல் சோதனை. அன்றைக்கு அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, பிரிண்டர் பக்கம் வரவில்லை. எழுதினவளுக்குத் தெரியாதா என்று படித்தவள் விட்டுவிட்டாள். இரண்டும் நானேதான். என் தப்பு என் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

"ஒருத்தர் விடலாம். ரெண்டு பேரும் எப்படி விட்டீங்கன்னுதான் எனக்குப் புரியல," என்றாள் டாக்டரம்மா. "அண்ணா, நீங்க எந்தப் பிரிண்டர்ல பாத்தீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே, கம்பீரமாக, "பாத்துச் சொல்றேன்" என்றார்.

"சரிங்கண்ணா," என்றாள் அவள்.

அவ்வளவுதான். மேலே யாரும் கேட்கவில்லை. மீசை அடுத்ததற்குப் போகத் தயாராகிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த ஆண்டும் ஓடியிருக்கும், அடுத்த ஆண்டும் ஓடியிருக்கும். அவள் மறுபேச்சில்லாமல் சரிங்கண்ணா என்றதுதான் என்னைப் போட்டு அறுத்தது. சோதிக்காத லேபிளை நம்பித்தானே அந்தக் குழந்தையும் கையை நீட்டியது.

"அண்ணன் எதையும் பாக்கல. ரெண்டு வருஷமா அவர் பேர்ல எழுதுறது நான்தான். சரின்னு போடறதும் நான்தான். அவருக்கு முடியல," என்றேன்.

மீசை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார். படம் நின்றுபோய்விட்டதென்று நினைத்து அண்ணன் திரையின் ஓரத்தை விரலால் தட்டினார். அந்த மௌனம் நீண்டுகொண்டே போனதில் நான் சொன்னது அவரிடமிருந்து நழுவிவிட்டது. அது நழுவுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் மீசை, ஏட்டில் இருப்பதை வாசிப்பவர் மாதிரி சொன்னார்.

"ஒரு மாட்யூல். ரெண்டு பேர் பதிஞ்சிருக்கு. வேலை செஞ்சது, சரிபாத்தது எல்லாம் ஒரே ஆள். என்ன பண்ணலாம்?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு வருடமாக நான் கேட்காத குரல் வந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எழுதினவனே சரின்னு போட்டுக்கிட்டா அது சோதனையே இல்ல. மாட்யூல வெளிய எடுங்க. அந்த ரெண்டு பேரையும் குழுவுலேர்ந்து எடுங்க. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நாம ஒட்டுறது ஆளோட பேரு. அதுல விளையாட முடியாது."

கையைத் தூக்கினார். திரையில் ஒவ்வொரு கையாக எழுந்தது. டாக்டரம்மா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையைத் தூக்கினாள். அண்ணன் விரல் விட்டு எண்ணினார். ஏழு.

"பாப்பா, நீ?"

வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கினேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். வெளியே போகிற ஒவ்வொரு மாட்யூலுக்கும், அதைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நாலு வரி எழுதி அனுப்புவோம். எப்போதும் அண்ணன்தான் சொல்லுவார். மற்றவர்கள் சொல்லிக்கொள்ளாமலே ஒவ்வொருவராகத் திரையிலிருந்து போனதும், எழுதிக்கோ பாப்பா என்றார். எழுதினேன்.

"இத்தனை வருஷம் இதப் பாத்துக்கிட்டதுக்கு நன்றி. நீங்க செஞ்ச வேலையால நெறைய பேருக்கு நல்லது நடந்திருக்கு. முடியாமப் போறது யாருக்கும் வரும், அது தப்பில்ல. முடியலன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்க கூட இருந்திருப்போம்."

கடைசி வரியில் என் விரல் நின்றுவிட்டது. சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டு, அதை நிதானமாக இன்னொரு முறை சொன்னார். யாருக்கு அனுப்புவது என்ற இடத்தில் இரண்டு முகவரிகளைப் போட்டேன். அனுப்பினேன்.

அவர் சட்டைப்பையில் போன் ஒலித்தது. எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாய்விட்டு வாசித்தார். நல்லா எழுதிருக்காங்க என்றார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார், இந்த முறை மனதுக்குள். கடைசி வரிக்கு வந்ததும் முகம் மாறியது.

"இது எனக்கா வந்திருக்கு?"

ஆமாம் என்றேன். இனிமேல் அவரிடம் பொய் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். சட்டையின் மடிப்பைக் கையால் நீவிவிட்டுக்கொண்டார்.

"அப்ப வர சனிக்கிழமை எனக்கு வேலை இல்லையா பாப்பா?"