கலப்புத் தூண்

விருத்தாசலத்தில் நிலநடுக்கம் வெள்ளிக்கிழமை காலையில் வரும், மணிமுத்தாற்றுப் புதுப்பாலத்துக்கு மட்டும். கரையில் டீக்கடைத் தம்ளர்கூட அசையாது. ரயில்வே கேட்டில் நிற்பதுபோல இரு பக்கமும் பஸ்கள் நின்று, ஆட்டம் ஓய்ந்ததும் கிளம்பும். தூண்கள் வளைந்து நிமிரும். ஒரு கீறல் விழாது. வெளியே இரும்புக் குழாய், உள்ளே கான்கிரீட். அது இதைச் சிதற விடாது, இது அதை மடங்க விடாது, ஒட்டி நிற்பதுதான் பலம் என்று என்ஜினீயர் காவியா விளக்கிக் கரையில் போர்டும் வைத்தார்: கலப்புத் தூண்கள். வந்தது வினை.

கோவிந்தராசு பீங்கான் பொம்மைக் கம்பெனி முதலாளி. அவருடைய ஒரே மகள் கயல்விழி, அவர் சூளையிலேயே பொம்மை அடுக்கிய வேறு தெரு வளவனைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டாள். "என்னா கோவிந்தராசு, ஒன் மருமவன் ஆத்துல வரிசையா நிக்கிறானாமே, கலப்பா!" என்று டீக்கடையில் சிரித்தார்கள். மகளைப் பிரிக்க முடியாத மனுஷன் தூணைப் பிரிக்கக் கிளம்பினார். அவர் தெருவே மறியலுக்கு ரோட்டில் உட்கார்ந்தது. ஊர் மனசு புண்படுகிறதென்று அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். தடுத்த காவியாவுக்கு மாற்றல். முதலில் நடுத்தூணின் குழாயை அறுத்து உரித்தார்கள். கோவிந்தராசு அதற்குப் பாலூற்றி மாலை போட்டார். சுத்தமானது எதையும் தாங்கும் என்று மனதார நம்பினார், பாவி.

இதற்குள் மகளுக்கு மாதம் ஏறியிருந்தது. வளைகாப்புக்கு அழைக்கச் சொல்லி மனைவி திரௌபதி கெஞ்சினாள், அவர் அசையவில்லை. "புளிச்சோறும் தயிர்ச்சோறும் வச்சா கலந்த சோறுன்னு தட்டு வழிய வாங்கித் திங்கிறீங்க. பெத்த பொண்ணு மட்டும் தொண்டையில எறங்கமாட்டாளா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். வெள்ளிக்கிழமை அவள் வந்துவிட்டுப் போகட்டும் என்றார். அவர் மனசு மாறினாலும் மாறும் என்று பயந்து, திரௌபதி வளையல்களை முன்னாடியே மகளுக்குக் கொடுத்தனுப்பினாள்.

கை நிறைய வளையலோடு கயல்விழி வந்தாள், கூடவே வளவன். பாலத்தருகே பஸ் நின்றுவிட்டது. நல்ல நேரம் தவறுமே என்று இருவரும் வறண்ட ஆற்றில் இறங்கி நடந்தார்கள். நடுத்தூணருகே வந்தபோது நடுக்கம் வந்தது, தூணை உரித்தபின் முதல் நடுக்கம். உரித்த தூண் வேகாத பொம்மைபோல உதிர்ந்தது. வளவன் அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். பாலம் இறங்கி அவர்கள் தலைமேல் உட்கார்ந்து, அப்படியே நின்றது. புழுதி அடங்கியபோது அங்கே ஒரு தூண் இருந்தது. வெளியே அவன், உள்ளே அவளும் பிள்ளையும்.

அதிகாரிகள் சோதித்து, தூண் உறுதியாக இருக்கிறது என்றார்கள். அவர்களை எடுத்தால் பாலம் விழும், என்ன செய்யலாம் என்று கோவிந்தராசைக் கேட்டார்கள். திரௌபதி மணலில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். அவர் தெருக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பாலம் நிக்குதில்ல, வுட்டுடுங்க. அந்த போர்டை மட்டும் எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார்கள். நடுக்கம் இப்போதும் வெள்ளிக்கிழமை வருகிறது. நடுத்தூண் வளைந்து நிமிரும்போது உள்ளே வளையல் குலுங்குவது இரு கரைக்கும் கேட்கும். டவுன் பஸ்ஸின் முன் சீட்டில் கோவிந்தராசு உட்கார்ந்திருப்பார். வளையல் சத்தம் நின்றதும் டிரைவர் வண்டியை எடுப்பார்.