இடது கால் கம்பூட்ஸ்

நவாஸின் இடது கால் கம்பூட்ஸ் தளவாய்புரத்தில் ஒரு கிணற்றுச் சேற்றுக்குள் கிடந்தது. வலது கால் கம்பூட்ஸ் நிலையத்தில் அவன் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒரு தீயணைப்பு வீரனின் இரண்டு பூட்ஸும் இப்படித் தனிக்குடித்தனம் போய்விட்டால் அவன் பாடு என்ன ஆகும் என்று இலாகாவில் யாரும் யோசித்து வைக்கவில்லை.

அந்த நிலையம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருந்தது. தீப்பிடித்தால் இரண்டு ஊரும் அதை உரிமையோடு கூப்பிடும். மற்ற நேரத்தில் எந்த ஊரும் அதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாது. பெயர்தான் தீயணைப்பு, வருகிற அழைப்பெல்லாம் குளியலறையில் பாம்பு, கிணற்றில் மாடு, குடத்துக்குள் தலையை விட்ட நாய். அப்படித்தான் அய்யம்மாளின் பசுவும் கிணற்றுக்குள் விழுந்தது. நவாஸ் கயிற்றில் இறங்கி அதன் வயிற்றைச் சுற்றி பெல்ட் போட்டான். மாடு மேலே போயிற்று. அவனும் மேலே போனான். முழங்கால் வரை புதைந்திருந்த பூட்ஸ் மட்டும் வர மறுத்துவிட்டது. கூடியிருந்த சனம் மாட்டைப் பார்த்துக் கைதட்டியது. இவன் ஒரு கால் வெறுங்காலாக நின்றதை அந்த மாடு மட்டும்தான் கவனித்தது.

மறுநாள் ஸ்டோர் அறை ஜன்னலில் போய் நின்றான். ஸ்டோர் பார்க்கிற தங்கச்சாமி சொந்தச் சட்டையைத் துவைக்கப் போடுவதற்கே ரசீது கேட்கிற ஆள்.

"அண்ணே, ஒரு பூட்ஸ் கெணத்துல போச்சு. இன்னொண்ணு இந்தா இருக்கு. வாங்கிட்டு ஒரு ஜோடி குடுங்க."

"பழசக் குடுத்தாத்தான் புதுசு. ஜோடியக் குடுத்தாத்தான் ஜோடி. அதான் ரூலு."

"அது சேத்துக்குள்ள கெடக்குண்ணே."

"கெடந்தா எடுத்துட்டு வா. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

தங்கச்சாமியை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. முன்பு ஒருவன் தீயில் பூட்ஸ் எரிந்துவிட்டது என்று சத்தியம் செய்து புதுசு வாங்கிப் போனான். கொஞ்ச நாள் கழித்து எரிந்துபோன அந்தப் பூட்ஸ் அவன் மச்சினன் காலில் ஏறி, வயலில் மருந்தடித்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தவர் மேலதிகாரி. மச்சினனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கச்சாமிக்கு இன்க்ரிமென்ட் நின்றது. அன்றிலிருந்து எரிந்துபோனால் சாம்பலையாவது கொண்டுவா என்று சொல்கிறவராக ஆகிவிட்டார்.

நவாஸின் பாதம் நிலையத்திலேயே பெரியது. அடுத்தவர் பூட்ஸில் கட்டைவிரல்தான் நுழையும். அவன் அளவில் ஒரு ஜோடி தங்கச்சாமியின் தலைக்குப் பின்னால் பாலிதீன் கவரோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, டிரில்லுக்குப் போடுகிற கேன்வாஸ் ஷூவோடு திரும்பினான்.

வீட்டில் மனைவி நஸீபா அந்த ஷூவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இதப் போட்டுக்கிட்டா தீக்குள்ள எறங்கப் போறிய?"

"இப்ப தீ எங்கட்டி வருது? பாம்புதான் வருது."

"பாம்பு கேன்வாஸ் ஷூவப் பாத்ததும் ஒதுங்கிப் போயிருமாக்கும்."

அவன் சிரித்து மழுப்பினான். ஆனால் பயம் இருந்தது. ராஜபாளையத்தில் வேலை பார்க்கிறவனுக்குத் தீ என்றால் பஞ்சுத் தீ. மரம் எரிந்தால் ஊருக்கே தெரியும். பஞ்சு அப்படி இல்லை. தண்ணீர் பட்டதும் மேலே கறுத்து, அணைந்துவிட்ட மாதிரி நல்ல பிள்ளையாகக் கிடக்கும். காலை வைத்தால் உள்ளே கங்கு. அதற்குள் கேன்வாஸ் ஷூவோடு இறங்குவதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த விடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு தளவாய்புரத்துக்கு வண்டியை விட்டான். அய்யம்மாள் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். வாயைத் திறந்தால் பாதி வசவு, மீதி கேள்வி.

"பாலு கறக்கிற வீட்டுக்குப் பால்கோவாவா வாங்கியாந்திருக்க? ஒனக்குக் கூறு இருக்கா தம்பி?" என்றபடியே பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

"அக்கா, கெணத்துல என் பூட்ஸ் கெடக்கு. எடுக்கணும்."

"கெணத்துல எங்க கெடக்கு? மோட்டாரு தண்ணி எடுக்கலன்னு ஆளை எறக்கிப் பாத்தோம். ஒன் பூட்ஸுல்ல குழாய் வாயில மூஞ்சியக் குடுத்து அடைச்சிக்கிட்டு இருந்துச்சு. அந்தா பாரு."

மாட்டுக் கொட்டகை வாசலில், எலுமிச்சம்பழத்துக்கும் மிளகாய்க்கும் கீழே, இலாகா முத்திரையோடு அவன் இடது கால் கம்பூட்ஸ் திருஷ்டிக்குத் தொங்கியது. கட்டுகிற வீட்டுக்கும் ஓடுகிற லாரிக்கும் பழைய செருப்பு தொங்கவிடுகிற ஊரில், தீக்குள் போய்வந்த பூட்ஸ் கிடைத்தால் சும்மா விடுவார்களா?

"கெணத்துல விழுந்த மாடு தம்பி அது. ஊரு கண்ணெல்லாம் அது மேலதான். இதக் கட்டுன பொறவுதான் ஒழுங்காப் பால் கறக்குது. தரமாட்டேன்."

நவாஸ் கெஞ்சினான். அரசாங்கச் சொத்து என்றான். அப்படியானால் அரசாங்கம் வந்து கழற்றட்டும் என்றாள். கடைசியில் வேறு வழியில்லாமல் கேன்வாஸ் ஷூ அணிந்த காலைத் தூக்கிக் காட்டினான்.

"இது இல்லாட்டி எனக்குப் புதுசு கெடையாதுக்கா. அடுத்த தீக்கு இதோடதான் போகணும்."

அய்யம்மாள் ஷூவைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். "எந்த எழவெடுத்தவன் இந்த ரூலைப் போட்டான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஸ்டூலைப் போட்டு ஏறி அவிழ்த்தாள். கொடுக்கும்போது பிடியை விடவில்லை.

"இதுக்குப் பதிலு ஒண்ணு கொண்டாந்து குடுத்துரணும். கடையில வாங்குன புதுசு ஆகாது, ஆளு போட்டு நடந்ததா இருக்கணும். ஒத்தையாக் கொண்டா. ஜோடியாத் தொங்கவிட்டா நான் செருப்புக்கடை வச்சிருக்கேன்னு நெனைப்பானுவ."

நவாஸ் சரி என்று வாக்குக் கொடுத்தான்.

ஸ்டோரில் தங்கச்சாமி இடது பூட்ஸை மோந்து பார்த்தார். அதில் ஒட்டியிருந்த மிளகாயை எடுத்துத் தனியே வைத்தார். பிறகு எந்த மச்சினன் காலிலும் ஏறாதபடி இரண்டையும் கத்தியால் நெடுக்கக் கிழித்துப் போட்டார். அய்யம்மாளுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் புது ஜோடி நவாஸ் கைக்கு வந்தது. கவரோடு மாரில் அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கிவந்தபோதுகூட இத்தனை ஜாக்கிரதையாக நடந்ததில்லை.

நிலைய அதிகாரி விக்னேஷ்வரன் எதிரே வந்தார். இளவயது, நல்ல மனுஷன், பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ.

"நவாஸ், கவரைப் பிரிச்சிராதீங்க. பெரிய அதிகாரி ஆய்வுக்கு வாராரு. புது ஐட்டமெல்லாம் புதுசா இருக்கணும். அலமாரியில வச்சிருங்க."

அந்த அலமாரியை விளக்கியாக வேண்டும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் புதுத் தலைக்கவசம், புதுக் கையுறை, புதுக் கோட்டு எல்லாம் கவர் கலையாமல் வரிசையாக இருக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம்கூடக் கவர் மேல்தான் வைப்பார்கள். தீக்குப் போகும்போது எல்லோரும் பழசைப் போட்டுக்கொண்டு போவார்கள். போட்டுக் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்பதுதான் பயம். அதிகாரியும் தன்னுடைய புது கம்பூட்ஸை அங்கேதான் வைத்திருந்தார். நவாஸ் மட்டும் என்ன யோக்கியன்? போன வருஷம் கொடுத்த கையுறையை நஸீபாவின் பட்டுச் சேலைக்கு நடுவே பூச்சி உருண்டை போட்டுப் பத்திரப்படுத்தியிருந்தவன்தான் அவனும். இப்போது மனசே இல்லாமல் பூட்ஸை அலமாரியில் வைத்தான்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மணி அடித்தது. ராஜபாளையத்தில் அபுபக்கரின் பேண்டேஜ் கம்பெனியில் கழிவுப் பஞ்சு குடோன்.

எல்லோரும் வண்டிக்கு ஓடினார்கள். நவாஸ் அலமாரிக்கு ஓடினான்.

"நவாஸ், அது ஆய்வுக்கு," என்றார் அதிகாரி, வண்டியில் ஏறியபடியே.

"காலு எனக்கு சார்," என்றான் நவாஸ். வாழ்க்கையில் அவன் ஓர் அதிகாரிக்குக் கொடுத்த முதல் எதிர்ப்பதில் அது. வண்டி போகிற போக்கிலேயே கவரைப் பல்லால் கிழித்து பூட்ஸை மாட்டினான்.

குடோனில் ஆள் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் அடித்ததும் பஞ்சுக் குவியல் வழக்கம்போலக் கறுத்து அடங்கியது. நவாஸ் குழாயோடு உள்ளே இறங்கினான். கணுக்கால் வரை புதைந்தது. சூடு பூட்ஸுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அந்தப் புகைக்குள் அவனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கேன்வாஸ் ஷூவாக இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே அடுத்த எட்டு வைத்தான்.

"இடது மூலையில புகை வருது, அங்க அடிங்க," என்று சொல்லிக்கொண்டே விக்னேஷ்வரன் இரண்டு எட்டு உள்ளே வந்தார். பஞ்சுத் தீயைப் பற்றி மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறவர்தான். அவசரத்தில் மறந்துவிட்டார். பாலிஷ் போட்ட வலது ஷூ ஒரு கறுப்புத் திட்டில் இறங்கியது. அடியில் சிவப்பாக இருந்தது.

நவாஸ் குழாயைப் பக்கத்தில் நின்றவனிடம் தள்ளிவிட்டு, பசுவுக்கு பெல்ட் போட்ட அதே தோதில் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினான். அதிகாரி வந்தார், ஷூ வரவில்லை. இந்தத் தடவை கூட்டம் கைதட்டவில்லை.

வாசலில் உட்காரவைத்துக் காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். தோல் கொப்புளித்திருந்தது, ஆழமில்லை. அபுபக்கர் குடோன் போன துக்கத்திலும் ஓடிப்போய் ஒரு பெட்டி கொண்டுவந்தார்.

"எங்க சரக்குதான் சார். வெளிநாட்டுக்குப் போறது. ஆஸ்பத்திரி போற வரைக்கும் தாங்கும்."

ஆய்வு நாளில் பெரிய அதிகாரி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நவாஸின் காலில் நின்றார். கருகிய விளிம்பைப் பார்த்தார்.

"இது போன வாரம் குடுத்ததுன்னு சொன்னீங்க. அதுக்குள்ள இப்படியா? யாரு போடச் சொன்னது?"

தங்கச்சாமி தன் அடுத்த இன்க்ரிமென்டை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டுப்போட்ட காலோடு விக்னேஷ்வரன் நொண்டியபடி முன்னால் வந்தார்.

"நான் போடக்கூடாதுன்னு சொன்னேன் சார். அவரு கேக்கல. அவரு பூட்ஸ் கருகிருச்சு, காலு நல்லா இருக்கு. என் பூட்ஸ் அலமாரியில புதுசா இருக்கு." கட்டை ஒருமுறை குனிந்து பார்த்தார். "காலுதான் இப்படி."

பெரிய அதிகாரி அலமாரி முன்னால் போய் நின்றார். பிறகு கதவைத் திறக்கச் சொன்னார். அன்றைக்கு நிலையத்தில் பாலிதீன் கவர் மட்டும் ஒரு சாக்கு சேர்ந்தது.

அதிகாரியின் மிஞ்சிய இடது ஷூவைத் தங்கச்சாமி வாங்க மறுத்துவிட்டார். ஜோடியில்லை. ஆகவே நவாஸ் அதை மஞ்சள் பையில் போட்டுத் தளவாய்புரத்துக்குக் கொண்டுபோனான். அய்யம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா மினுங்குதே. ஆரு போட்டது?"

"எங்க ஆபிசரு."

"அவியளுக்கு வேண்டாமா?"

"வேண்டாம்க்கா. அவிய இப்ப கம்பூட்ஸ்தான் போடுதாவ."