துரைக்கு விரித்த துணி

ஊரெல்லாம் 'டிரைவர் சார்' என்று மரியாதையாகக் கூப்பிட்ட மனிதர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் ஒரு பூனைமேல் பொறாமைப்பட்டார் என்றால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அது பக்கத்து வீட்டு நர்ஸ் வளர்க்கும் பூனை. நர்ஸ் வேலைக்குக் கிளம்பிய கையோடு குளியலறை ஜன்னல் வழியாக இந்த வீட்டுக்குள் குதித்துவிடும். மஞ்சள் உடம்பு, வெள்ளைக் கால்கள், வாடகை வசூலிக்க வந்தவர் போல ஒரு நடை.

டிரைவரின் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். தெருவுக்கே அவள் டெய்லரம்மா. மெஷினில் உட்கார்ந்துவிட்டால் தலை நிமிர மாட்டாள். "சாப்பிடலாமா?" என்று கேட்டால் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பாள். அந்த 'ம்' ஆமாமா இல்லையா என்று டிரைவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தனியாகப் போட்டுச் சாப்பிடுவார்.

பூனை வந்தால் மட்டும் மெஷின் நிற்கும்.

"வாடா துரை. இப்பதான் விடிஞ்சுதா உனக்கு?"

நர்ஸ் அதற்கு வைத்த பெயர் வேறு என்னவோ. துரை என்பது இவளாக வைத்தது. கட்டிய கணவனுக்கு ஒரு செல்லப்பெயர் வைக்க இத்தனை காலத்தில் இவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் டிரைவருக்கு ஆறவே இல்லை.

ஒருநாள் நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உங்க பூனை எங்க வீட்லயே குடியிருக்கும்மா."

"அய்யோ, தொந்தரவு பண்ணுதா அண்ணே? நீ நிம்மதியா வேலைக்குப் போ, நான் பாத்துக்கறேன்னு அக்காதானே சொன்னாங்க?"

முகத்தில் அசடு வழியத் திரும்பி வந்த டிரைவர், ஜன்னலுக்குக் கொசுவலை வாங்கி அடித்தார். மறுநாள் பார்த்தால் வலையின் ஒரு மூலை அளவாக வெட்டப்பட்டு, பிசிறு தெரியாமல் ஓரம் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. துரை போக வர தனி வாசல். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

"பாவங்க, மூக்கை மோதிக்கிட்டு நிக்குது" என்றாள் டெய்லரம்மா.

அதையும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது துணி விஷயத்தில்தான். வெளிர்நீலத்தில் ஒரு சட்டைத் துணி. கடையில் நின்று நிதானமாகத் தானே தேர்ந்தெடுத்து வாங்கி வந்திருந்தார். கையில் இருக்கும் வேலை முடியட்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள். டெய்லர் வீட்டில் வீட்டுக்காரன் சட்டை கடைசியில்தான் வரும். அது அவருக்கும் தெரியும். ஆனால் அன்று மதியம் தூங்கி எழுந்து வந்தபோது, வெட்டு மேஜையின் ஓரத்தில் அந்தத் துணி நாலாக மடித்து விரித்திருந்தது. மேலே துரை கால் நீட்டிப் படுத்திருந்தது.

டிரைவருக்கு வயிறு எரிந்தது.

"அது என் துணி."

"தெரியும். மேஜை சில்லுனு இருக்கேன்னு போட்டேன். தோய்ச்சா போயிடும்."

"அப்ப என் சட்டை?"

"உங்க அளவு எனக்கு மனப்பாடம். உக்காந்தா தைச்சுடுவேன்."

துரை எழுந்து போகும்வரை காத்திருந்தார். துணியை எடுத்து முடியை உதறிப் பையில் போட்டுக்கொண்டு, நேராக அடுத்த தெருத் தையல் கடைக்குப் போனார். டெய்லரின் கணவர் இன்னொரு டெய்லரிடம் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது லேசான காரியமில்லை. கடைக்காரருக்கே சங்கடமாகிவிட்டது.

"அம்மாவுக்கு உடம்பு ஏதும் முடியலையா சார்?"

"நல்லாத்தான் இருக்கா. நீங்க அளவெடுங்க."

பழிவாங்கிய சுகம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இருந்தது.

சட்டை தயாரானதும் கடையிலேயே போட்டுக்கொண்டு வந்து மெஷின் முன்னால் நின்றார். மனைவி மடியில் துரை. அவள் நிமிர்ந்தாள். மெஷின் நின்றது. அவள் எழுந்த வேகத்தில் பூனை தரையில் விழுந்து ஓடியது. கிட்டே வந்து காலரைத் திருப்பினாள், தோள் தையலை விரலால் தடவினாள்.

"யாருகிட்ட தைச்சீங்க?"

"அடுத்த தெருவுல."

"நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். அவரு உங்களுக்கு அளவெடுத்தாரா?" தையலிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். "கை நல்லாத்தான் ஓடியிருக்கு அவருக்கு."

டிரைவருக்குக் குளுகுளுவென்று இருந்தது. எரியட்டும், இவளுக்கும் கொஞ்சம் எரியட்டும்.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. சட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவள் தைத்தவையெல்லாம் கொஞ்ச காலமாக அவர் உடம்பில் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தன. துணி நெகிழ்ந்துவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள்.

"நேரா நில்லுங்க."

கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அவர் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை எடுத்த அளவு. அதற்குப் பிறகு அவரை அவள் அளந்ததே இல்லை. டேப்பைப் பார்த்தாள். நம்பாமல் இழுத்துச் சரிசெய்து மறுபடியும் பார்த்தாள். மனப்பாடமாக வைத்திருந்த அளவு எங்கோ இருந்தது, மனிதர் எங்கோ இருந்தார்.

"எப்பங்க இப்படி இளைச்சீங்க?"

"ரிடையராகி வீட்டுக்கு வந்ததுலேருந்துதான். தனியா உக்காந்தா சோறு இறங்க மாட்டேங்குது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிட்ட."

டிரைவர் கோபமாகப் பேசத்தான் வாயெடுத்தார். குரல் வேறு மாதிரி வந்தது.

"துரை ஒரு சுத்து பெருத்துட்டான்னு போன வாரம் சந்தோஷப்பட்டியே. அவன் வந்து சொல்லியா உனக்குத் தெரிஞ்சுது?"

அவள் டேப்பை விடவில்லை.