நாற்பது ஜீபி

எங்கள் ஒழுங்கையில் போன் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. அதனால்தான் வீட்டுக்கு இணைய இணைப்பு எடுத்தேன். மாதத்துக்கு நாற்பது ஜீபி. அது முடிந்தால் வேகம் விழுந்துவிடும். பிறகு ஒரு புகைப்படம் இறங்கவே ஆறு நிமிடம் வேண்டும்.

பக்கத்து வீட்டில் பெரியம்மா திரேசம்மா. இணைப்பு வந்த அன்றே அம்மா அவருக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். "சொந்தத்துக்குள்ள இதையும் மறைக்கிறதோ?" என்றார்.

பெரியம்மாவின் மகன் அஞ்சலோவுக்குச் சீனன்குடாவில் வேலை. போன மாதம், லீவு நாளொன்றில், அவன் தன் கணினிக்கு ஒரு கார் விளையாட்டை இறக்கினான். அதே காலையில் எனக்கு வெளிநாட்டு முதுகலைப் படிப்புக்கான நேர்முகத் தேர்வு, வீடியோவில். கடல் வெப்பநிலை பற்றிக் கேட்டார்கள். பதில் சொல்லத் தொடங்கினேன். திரை உறைந்தது. மேலதிக டேட்டா போட்டுத் திரும்பி வருவதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். இடம் கிடைக்கவில்லை.

வேலிக்கருகில் போய் அஞ்சலோவிடம் சொன்னேன்.

"அது இவ்வளவு இழுக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று சிரித்தான். "நீ வாய் திறக்கிறதே வருசத்துக்கு ரெண்டு தரம். வீடியோ நிண்டதால அவையள் தப்பிட்டினம்."

நான் உள்ளே வந்துவிட்டேன்.

இந்த மாதம் பெரியம்மா வந்தார். அஞ்சலோவுக்கு மெல்பேர்ணில் ஒரு சம்பந்தம்.

"ஞாயிறு பூசை முடிய வீடியோவில வருகினம். அவன் அந்தப் பிள்ளையின்ர படத்தை வச்சுப் பாத்துக்கொண்டே திரியிறான். அண்டைக்கு நீ ஒண்டும் பாக்காத, ஜெசி."

"ஓம், பெரியம்மா."

நாற்பது ஜீபி ஒரு மாதத்துக்குரியது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எங்கள் இணைப்பின் வேகத்துக்கு அது ஒரு நீண்ட பூசைக்குக்கூடப் போதாது. வங்காள விரிகுடாவின் வெப்பநிலையைச் செய்மதிகள் வானிலிருந்து அளந்த தரவுகள் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு கோப்பின் அளவும் பக்கத்திலேயே இருக்கும். கூட்டிப் பார்த்தேன். பத்து நிமிட வீடியோவுக்குப் போதுமானதை மட்டும் மிச்சம் விட்டேன். மடிக்கணினியைத் தரவிறக்க விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். அஞ்சலோ முன் வரிசையில் முழந்தாளில் நின்றான். நானும் செபித்தேன்.

பூசை முடிந்ததும் பெரியம்மா வீட்டில் தேத்தண்ணி கொடுக்க நின்றேன். அஞ்சலோ புதுச் சேட்டோடு கதிரையில் இருந்தான். பெண் நன்றாகச் சிரித்தாள். அவனும் நன்றாகத்தான் கதைத்தான். பிறகு பெண்ணின் தாய் கேட்டார்:

"தம்பி, குறை நினைக்கப்படாது. குடிக்கிற பழக்கம் ஏதும்?"

"அது வந்து..." என்றான்.

திரை உறைந்தது.

இவ்வளவு நல்ல இடத்தில் நிற்கும் என்று நானே கணக்கிடவில்லை.

"ஜெசி, டேட்டா போடு. கெதியா," என்று அஞ்சலோ எழும்பினான்.

போனை எடுத்தேன். டேட்டா வாங்கும் கோட் குறுஞ்செய்தியில் உடனே வந்தது. "கோட் வரேல்ல, அண்ணா," என்றேன்.

"மாதம் துவங்கினது இப்பதானே. அதுக்குள்ள எப்பிடி முடியும்?"

"நேற்று முழுக்க ஆர் மட்ச் பாத்தது?" என்றார் பெரியம்மா.

"ஒரு மட்ச் தானே அம்மா."

"ஒண்டு எவ்வளவு இழுக்குமெண்டு உனக்குத் தெரியுமோ?"

அவனுக்குத் தெரியாது. என்னைப் பார்த்தான். "அவ்வளவு இழுக்குமோ?"

"இழுக்கும்," என்றேன்.

மெல்பேர்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் வெளியே ஓடிப் போனை உயர்த்திப் பிடித்தான். திரும்பி வந்தான். அவனுடைய சேட்டின் முதுகு நனைந்திருந்தது. நான் கடைசிவரை நின்றேன். ஒருவழியாகச் செய்தி இறங்கியது. பெண்ணின் தாயின் குரல்.

"தம்பி, அந்தக் கேள்வியோட கட் பண்ணிப்போட்டீங்கள். பிறகு எடுத்தும் பாத்தம். எங்களுக்கு விளங்கிட்டுது. இனி எடுக்க வேண்டாம்."

"உண்மையைச் சொல்லு, குடிக்கிறனியோ?" என்று பெரியம்மா கேட்டார்.

"இல்லை அம்மா. கிறிஸ்மசுக்கு ஒரு பியர் எண்டு சொல்லத்தான் வந்தனான்."

அவர் நம்பவில்லை.

கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். செய்மதித் தரவில் இன்னும் இரண்டு வருடங்களுக்குரியவை இறங்க மிச்சம் இருக்கின்றன. பெரியம்மா அவனுக்கு அடுத்த பெண்ணைப் பார்ப்பார். அன்றைக்கு இறக்குவேன்.