குடும்பப் பெயருக்கு ஒரு சீட்டு

இந்த நாட்டில் உள்ளூர் விமானத்துக்குச் சீட்டு வாங்க, முதலில் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காக ஒரு வரிசை இருக்கைகளைக் கழற்றி மீன் மார்க்கெட் வாசலில் போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். மழை தூறியது.

என் தம்பி இசக்கிராஜ் வடக்கே ஓர் ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வேலை செய்த இடத்தில் தலையில் அடி. நாலு மணிக்கு மூச்சுக்கு வைத்த குழாய்களை எடுத்துவிடுவார்கள். அதற்குள் சொந்தக்காரர் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். விசிட் விசாவில் நான் வந்தது அதற்குத்தான்.

சக்கரம் வைத்த கவுண்டர் ஒன்று உருண்டு வந்தது. பின்னால் ஒரு பெண். இந்த நாட்டுக்காரி. திருநெல்வேலிப் பேச்சு பேசினாள். கவுண்டரில் வேறு பாஷை போட்டுத் தரவில்லை என்றாள்.

“பேரு?”

“சுடலைமணி.”

“அது கெடக்கட்டும் அண்ணாச்சி. குடும்பப் பேரு?”

“எங்களுக்கு அப்படி ஒண்ணு கெடையாதும்மா. முன்னாடி ‘பொ’ன்னு ஒரு எழுத்து போடுவோம்.”

“எழுத்துக்கு எப்படி பெல்ட்டு போட?”

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரிலிருந்து போகிற எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதினேன். பொன்னுபாண்டி.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா” என்று முத்திரை குத்தினாள்.

விமானம் ஏறும் கேட், மார்க்கெட்டின் அந்தக் கோடியில் இருந்தது. நான் நடக்க நடக்க மீன்கடைகள் கூடின. யாரும் எதுவும் விற்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று.

ஒலிபெருக்கி அப்பா பெயரைக் கூப்பிட்டது. சீட்டை நீட்டினேன். கேட்காரர் என் கையை மெல்ல ஒதுக்கினார்.

“நீரா பொன்னுபாண்டி?”

“அவரு மகன்.”

“மகனுக்குச் சீட்டு இல்ல வே. தள்ளி நில்லும். ஆளு வாராருல்லா.”

திரும்பினேன். அப்பா வந்துகொண்டிருந்தார். செத்துப் பதினோரு வருடம். லாரி ஓட்டும்போது போடுகிற காக்கிச் சட்டை போட்டிருந்தார். அவர் விமானத்தில் போனதே இல்லை.

“என்னல, இப்படி மெலிஞ்சிட்ட?”

“அப்பா, இது நான் எடுத்த சீட்டு.”

“எம் பேருல்லா போட்டிருக்கு?”

“தம்பி ஆஸ்பத்திரில கெடக்கான்பா.”

“தெரியும்ல. கூட்டிட்டு வரத்தான் போறேன்.”

“கூட்டிட்டு வர வேண்டாம்பா. சும்மா பாத்துட்டு வாங்க.”

“அவ்வளவு தூரம் போயிட்டு எவனாச்சும் வெறுங்கையோட வருவானா?” என்றார். பிறகு, “எந்தக் கையில ஊசி போட்டிருக்கு? வலிக்காம பிடிக்கணும்லா” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இடது கை என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். விமானம் மீன்கடைகளுக்கு மேலாக வடக்கே ஏறியது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

நாலு மணி ஆனது. பிறகு நாலரை.

“அடுத்த விமானத்துல எனக்கு ஒரு எடம் கெடைக்குமா?” என்று கேட்காரரைக் கேட்டேன்.

“உமக்குப் புள்ளைக உண்டா?”

“ஒரு பய இருக்கான்.”

“பொறவு என்ன? அவன் ஒரு நாள் சீட்டு எடுப்பான். குடும்பப் பேருன்னு உம்ம பேரத்தான எழுதுவான். அப்ப கூப்பிடுதோம். உக்காரும்.”

ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

மகனுக்கு மூன்று வயது. இன்னும் எழுதப் பழகவில்லை.