பேழைக் கதவு

மூன்று முறையா, நான்கு முறையா என்று மணிமொழிக்கு இப்போது நிச்சயமில்லை. அடையாற்றில் வெள்ளம் வந்த அந்த விடியலில் மாடிப்படி கிரில் கேட்டை யாரோ தட்டினார்கள். பெண்ணா, ஆணா, அதுவும் நினைவில்லை. கணவர் மதிவாணன் சாவியை எடுத்தார். "தெறக்காதீங்க, தண்ணி வந்துரும்" என்றாள். மாடிக்குத் தண்ணீர் எப்படி வரும் என்று அவர் கேட்கவில்லை. சற்று நேரத்தில் தட்டல் நின்றது. பிறகு இருவரும் அதைப் பேசியதே இல்லை.

இப்போது அதே கோட்டூர்புரம் வீட்டின் கூடத்தில் அவர் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார், கைகளில் வெள்ளை உறையோடு. அவர் கதை சொல்லிக்கொடுத்த சண்டே ஸ்கூல் பிள்ளைகள் பாட்டுப் பாடி முடித்திருந்தார்கள். எட்டு வயது தமிழ்நிலா மட்டும் நகரவில்லை.

"ஆண்ட்டி, சார் கத சொல்லசொல்ல பெஞ்ச தட்டுவாரு. இப்டி."

பெட்டியின் விளிம்பில் தட்டிக் காட்டினாள்.

மணிமொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தக் கதைல?"

"நோவா கத. பேழைக்கு வெளியேந்து யாரோ தட்டுவாங்க. அது நிக்கற வரிக்கும் நாங்க பேசாம ஒக்காந்துக்கினு இருக்கணும்."

பெரிய வகுப்பு லாவண்யா குறுக்கிட்டாள். "லூசு, பைபிள்ல அப்டி எங்க இருக்கு? கர்த்தரே கதவ அடைச்சிட்டாரு."

"சார் கதைல கீதுடி!"

வெள்ளம் வந்து பத்து வருடம். ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடிந்து வந்து பேசாமல் சாப்பிடுவார். இன்று என்ன கதை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"தெறக்க வேணாம்னு..." மறுபடி கேட்டாள். "யாரு சொன்னதாம்?"

"நோவாதான். அவரு வீட்டம்மா பாவம், தெறங்க தெறங்கன்னு அழுதாங்களாம். இவருதான் கேக்கலியாம்."

இருவர் மூடியைத் தூக்கி வந்தார்கள். "மூடலாமாம்மா?"

மணிமொழி அவருடைய வெள்ளை உறை போட்ட வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மறுபடி கேட்டார்கள்.

அன்று மாலையே மதிவாணனை அடக்கம் செய்தார்கள். மறுவருடம் தமிழ்நிலா குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசு வீடு ஒதுக்கினார்கள், போய்விட்டார்கள். லாவண்யா இப்போது சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறாள், வேதத்தில் உள்ளபடி. தட்டியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. மணிமொழி அதே மாடியில் தனியாக இருக்கிறாள். கிரில் கேட்டில் பூட்டு இல்லை.