வேறொரு பெரியவர்

“வேணாம்னு சத்தமா சொல்லணும். அந்த எடத்த விட்டு ஓடணும். நம்புற பெரியவங்க கிட்ட சொல்லணும்.”

மூன்றையும் வெண்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினாள் ஃபஸீலா. அது டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் முதல் படிவத் தமிழ் வகுப்பில் இன்று இலக்கணம் இல்லை. தொடக்கூடாத இடத்தில் தொடுகிறவனை எப்படிச் சமாளிப்பது என்பதே பாடம்.

“எங்க ரூபினி, கத்து பாக்கலாம்!”

“வேணாம்!”

பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

“ஃபெரி ஹாரன் தோத்துச்சு லா!” என்றாள் லோகேஸ்வரி. ஒரே சிரிப்பு.

கடைசி பெஞ்சில் ஒருத்தி சிரிக்கவில்லை. அமீரா. ஃபஸீலாவின் மகள். வீட்டில்தான் உம்மா, பள்ளியில் டீச்சர் என்பது இருவருக்கும் ஒப்பந்தம்.

அவள் எழுந்தாள். “சொல்லியும் அவங்க நம்பலன்னா, டீச்சர்?”

“வேற ஒரு பெரியவங்க கிட்ட சொல்லணும். யாராச்சும் நம்புற வரைக்கும்.”

மணி அடித்தது. வகுப்பு காலியானது. அமீரா மட்டும் மேசையருகே வந்து நின்றாள்.

“உம்மா கிட்ட சொன்னேன், நம்பல. அதான் டீச்சர் கிட்ட சொல்றேன்.”



பெருநாளன்று முஸ்தஃபா மாமா வந்ததும் அறைக்குள் பதுங்கிக்கொண்டவள் இவள். “மாமா கண்ட எடத்துல தொடுறாரு உம்மா.” “என் அண்ணனப் பத்தியா பேசுற? மரியாத கெட்டவளே!” என்று இழுத்துப்போய், அவருக்கு சலாம் கொடுத்துக் கையை முத்தமிட வைத்தவள் ஃபஸீலாதான். “புள்ளைக்கு வெக்கம் லா” என்று சிரித்தார் அவர். பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை. அதை ஃபஸீலாவும் பார்த்தாள்.

கைப்பேசி அதிர்ந்தது. வெள்ளிதோறும் அண்ணன்தான் இருவரையும் காரில் வீட்டில் விடுவார்.

“கேட்ல நிக்கிறேன் தங்கச்சி. புள்ளய முன்னால அனுப்பி வுடேன்.”

கைப்பேசியை அணைத்தாள். வகுப்புக் கதவைத் தாழிட்டாள். மகளை உட்காரவைத்து, இழுப்பறையிலிருந்து புகார்த் தாளை எடுத்தாள்.

குற்றம் சாட்டப்பட்டவர்: முஸ்தஃபா. உறவு: தாய்மாமன்.

மாணவி முதலில் யாரிடம் சொன்னாள்?

தன் பெயரை எழுதினாள்.

அதைக் கேட்டவர் என்ன செய்தார்?

வெளியே ஹாரன் ஒலித்தது. அமீரா திடுக்கிட்டு நாற்காலியை இறுகப் பிடித்தாள். இரண்டாம் முறை ஒலித்தது.

ஃபஸீலா எழுதினாள்: ‘நானே அவளை அண்ணனிடம் கொண்டுபோய் விட்டேன்.’